நிறுத்தச் சொன்ன இடம்

நாங்கள் இருவரும் முதன்முதலாகத் தனியாகப் பேசிய நாளில் விசாரிக்கப் போனது நான். ஆனால் முதல் கேள்வியைக் கேட்டவர் ஜோதிலட்சுமி.

“போன் எங்க?”

“பையில.”

“பை எங்க?”

“மேஜை மேல. ஏன் அக்கா?”

“ஒண்ணுமில்ல மேடம். சொல்லுங்க.”

மொட்டை மாடிக்குப் போகும் படிக்கட்டில் நின்றிருந்தோம். கீழே கல்யாணப் பத்திரிகைக் கடையின் அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் என் குர்தாவின் பாக்கெட்டையே பார்த்தார். நான் அதை வெளியே இழுத்துக் காட்டினேன். ஒரு ஹேர் கிளிப்பும் பஸ் டிக்கெட்டும் விழுந்தன. குனிந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, “இப்ப சொல்லுங்க” என்றார்.

“அந்த இரும்பு உலைக்காரர் ஃபைல்ல, கடைசியில ‘இன்ஆடிபிள்’னு போட்டிருக்கீங்க.”

“ஆமா. காதுல விழல. போட்டேன்.”

“ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தைன்னா பரவாயில்லை. அங்க ஒரு முழுப் பேச்சே இருக்கு.”

“இருக்கட்டும். காதுல விழல.”

“எனக்கு விழுது.”

“உங்களுக்கு நல்ல காது. சங்கீதம் கத்துக்கினு இருப்பீங்க.”

“கத்துக்கலை.”

“மைலாப்பூர்ல பொறந்துமா? பாவம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

“அக்கா, தட்டு வைக்கிற சத்தம் கேட்குது. தெருவுல ஒரு நாய் குலைக்குது. அதுக்கு நடுவுல அவர் பேசுறது நல்லாக் கேட்குது. உங்களுக்கு மட்டும் எப்படிக் கேட்காமப் போச்சு?”

“கனகராஜ் சார் கேட்டுட்டு வரச் சொன்னாரா?”

“இல்ல.”

“அப்ப நீங்களா கேக்குறீங்க.”

“சரிபார்க்கிறது என் வேலை அக்கா.”

“பாருங்க. தப்புன்னா தப்புன்னு போடுங்க. அதுக்கு எதுக்கு என்னை இங்க இட்டுக்கினு வந்து நிக்க வெச்சிருக்கீங்க?”

“வேணும்னேதான் விட்டீங்களா?”

அவர் ஒரு படி இறங்கி நின்றார். பிறகு, “நான் ஆமான்னு சொன்னா, நீங்க எங்க போய் சொல்வீங்க?” என்று கேட்டார்.

பதிலுக்குக் காத்திராமல் அவர் இறங்கிப் போனார். பாதிப் படியில் திரும்பி, “அந்தப் பக்கத்துப் பாக்கெட்டைக் காட்டலியே நீங்க” என்றார். அந்தப் பக்கம் பாக்கெட்டே கிடையாது.

எங்கள் அலுவலகம் தியாகராய நகரில், கடைத்தெருவை ஒட்டிய ஒரு சந்தில் மூன்றாவது மாடியில் இருந்தது. வெளிநாட்டு ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கிக் கொடுப்பது எங்கள் தொழில். முன்பெல்லாம் அமெரிக்க டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிந்ததை டைப் செய்தார்கள். அந்த வேலையைக் கணினி எடுத்துக்கொண்ட பிறகு, கணினிக்குப் புரியாத பதிவுகள் எங்களிடம் வர ஆரம்பித்தன. நான் சேர்ந்த வருடம் வந்தது ஓர் அமெரிக்க நூலகத்தின் பழைய நாடாக்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பதால் ஊர்ப் பெயரைச் சொல்ல முடியாது. கார் தொழிற்சாலைகளும் இரும்பு உருக்கும் உலைகளும் நிறைந்த நகரம் என்று மட்டும் சொல்லலாம். அங்கே வேலை செய்த கறுப்பினத் தொழிலாளர்கள் அரை நூற்றாண்டுக்கு முன்பு பேசிய பேச்சுகள் அவை. சிலர் தங்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து பேசியிருந்தார்கள். சிலர் தேவாலயத்தின் பின்கட்டில். ஆலைவாசலில் தாங்களே அச்சடித்த தாளை விநியோகித்ததைப் பற்றி, வெள்ளைக்காரர்களின் கையில் இருந்த தொழிற்சங்கம் தங்களைக் கைவிட்டதைப் பற்றி, அதனால் தாங்களே தனியாக ஒரு சங்கம் கட்டியதைப் பற்றி, உலைப் பக்கம் எப்போதும் தங்களை மட்டுமே நிறுத்தியதைப் பற்றி.

கணினி முதலில் ஒரு வரைவு தரும். இந்த மனிதர்களின் பேச்சு வரும்போது அது திணறிவிடும். பேட்டி எடுப்பவரின் கேள்விகள் சுத்தமாக இருக்கும். பதில் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றிடம் இருக்கும், அல்லது அர்த்தமில்லாத சொற்கள். அதை நிரப்புவதற்குத்தான் நாங்கள்.

நாங்கள் நிரப்புவதை வைத்துக் கணினிக்குப் பாடம் நடக்கிறது, பாடம் முடிந்ததும் எங்களை அனுப்பிவிடுவார்கள் என்ற சந்தேகம் அலுவலகத்தில் எல்லோருக்கும் இருந்தது. யாரும் அதைக் கனகராஜின் காதுபடச் சொல்வதில்லை. கனகராஜ் எங்கள் டீம் லீட். கெட்டவர் இல்லை. ஆனால் எல்லோரும் ஏதோ ஏமாற்றுகிறார்கள் என்ற முடிவோடுதான் காலையில் மின்விசிறியைப் போடுவார்.

ஒரு நாடாவில் ஒருவர் சொல்லியிருந்தார். கார்கள் நகர்ந்து வரும் பட்டையின் வேகத்தை மேற்பார்வையாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் கூட்டிவிடுவார்களாம். கடிகாரம் பார்க்க விடமாட்டார்கள். அதனால் இவர் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்வாராம். ஒரு காருக்கு ஒரு பாட்டு. பாட்டு முடிவதற்குள் அடுத்த கார் வந்துவிட்டால் வேகத்தைக் கூட்டிவிட்டார்கள் என்று பக்கத்து ஆளுக்குக் கண்ணைக் காட்டுவாராம். அதைக் கேட்ட அன்று ஜோதிலட்சுமி ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பக்கத்து நாற்காலி குல்சுமிடம், “நம்மளுக்கும் இந்த மாசம் டார்கெட்டை சைலண்டா ஏத்திட்டானுங்கடி. நீ ஒரு பாட்டு பாடிப் பாரு” என்றார்.

“நான் பாடுனா பில்டிங்கே காலியாயிடும்கா” என்றாள் குல்சும். “டார்கெட்டும் போயிடும்.”

மறுநாள் பார்த்தோம். டார்கெட் ஏறித்தான் இருந்தது.

ஜோதிலட்சுமிக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். ஆற்றங்கரைக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். வெள்ளத்துக்குப் பிறகு அந்தக் குடியிருப்பையே காலி செய்து ஊருக்கு வெளியே பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். சைதாப்பேட்டையில் ஒரு மாடியறையில் நடந்த டைப்பிங் வகுப்பில், டாக்டர்கள் பேச்சைக் கேட்டுக் கேட்டே அமெரிக்க ஆங்கிலம் படித்தவர். பேசச் சொன்னால் பேச மாட்டார். எழுதினால் ஒரு காற்புள்ளிகூடத் தவறாது.

அந்தக் காலத்துக் கால் பெடல் ஒன்று வைத்திருந்தார். மிதித்தால் ஒலிப்பதிவு ஓடும், காலை எடுத்தால் நிற்கும். நாங்களெல்லாம் விசைப்பலகையிலேயே நிறுத்தி ஓட்டப் பழகியிருந்தோம். அவர் மட்டும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலால் மிதித்துக்கொண்டிருப்பார். “அக்கா, எனக்கு ஒரு ஜாக்கெட் தெச்சுக் குடுக்கா” என்பாள் குல்சும். “அளவு குடுடி, வாயையும் சேத்துத் தெச்சுடறேன்” என்பார்.

அவரைப் பற்றி அலுவலகத்துக்குத் தெரிந்த இன்னொரு விஷயம், அவர் தன் குரலை எங்கும் கொடுக்க மாட்டார். வாட்ஸப்பில் குரல் செய்தி அனுப்பியதே இல்லை. எவ்வளவு அவசரமானாலும் டைப் செய்துதான் அனுப்புவார். கம்பெனி மடிக்கணினியின் கேமராவின் மேலே பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். பக்கத்திலிருந்த மைக் துளையின் மேலும் ஒன்று. யாராவது மேஜையில் போனைக் கவிழ்த்து வைத்தால் பேச்சை நிறுத்திவிடுவார். நிமிர்த்தி வைத்தால்தான் மேலே பேசுவார். கனகராஜ் அவருக்கு வைத்த பெயர் சிஐடி. “சிஐடி வந்தாச்சா? சிஐடி சாப்பிட்டாச்சா?”

“சந்தேகப்படுறது நானு. பேரு வெக்கிறது அவரு” என்பார் ஜோதிலட்சுமி.

இனி அந்த இரும்பு உலைக்காரர் பதிவு. பேசியவர் உலைப் பக்கம் வேலை பார்த்தவர். கனத்த, நிதானமான குரல். வேலைநிறுத்தம் ஒன்று தொடங்குவதற்கு முன்பே கலைந்துபோன கதையைச் சொல்லிக்கொண்டு வருகிறார். முன்னால் நின்றவர்களின் பெயர்கள் எப்படியோ கம்பெனிக்குப் போய்விட்டன. ஒரே காலையில் அத்தனை பேருக்கும் வாசல் மூடப்பட்டது. யார் கொடுத்தார்கள் என்று பேட்டி எடுத்த பெண் கேட்கிறாள். அவர் தெரியாது என்கிறார். பிறகு யாரோ சாப்பாடு கொண்டுவந்து வைக்கிறார்கள். தட்டுச் சத்தம். அந்த மெஷினை நிறுத்து என்கிறார். ஏதோ ஒரு பொத்தான் அழுத்தும் சத்தம் கேட்கிறது. ஆனால் பதிவு நிற்கவில்லை. குரலைத் தணித்து அவர் பேச ஆரம்பிக்கிறார். கொடுத்தவன் யார், அவன் தனக்கு என்ன உறவு, ஏன் கொடுத்தான், எல்லாம். கடைசியில், சரி, இனி மெஷினைப் போடு என்கிறார்.

அந்தப் பகுதி முழுவதற்கும் சேர்த்து ஜோதிலட்சுமி ஒரே ஒரு குறி போட்டிருந்தார். கேட்கவில்லை.

எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. தப்பாகக் கேட்டால் மன்னிப்பார்கள். கேட்டதைக் கேட்கவில்லை என்று போட்டால் சோம்பேறித்தனம், இல்லாவிட்டால் திருட்டு. நேரத்தை மிச்சப்படுத்தி டார்கெட்டை எட்டுவதற்காகச் செய்வார்கள். அப்படிப் பிடிபட்டவர்களை வேலையை விட்டே அனுப்பியிருக்கிறார்கள். படிக்கட்டில் பேசிவிட்டு வந்த பிறகு நானும் அப்படித்தான் நினைத்தேன். முன்னால் அவர் முடித்துக் கொடுத்த ஃபைல்களைத் திறந்து, அந்தக் குறி உள்ள இடங்களையெல்லாம் கேட்டுப் பார்த்தேன். பெரும்பாலான இடங்களில் உண்மையிலேயே ஒன்றும் கேட்கவில்லை. இருமல், இரைச்சல், நாடா சிக்கிய சத்தம். இரண்டு இடங்களில் மட்டும் தெளிவாகக் கேட்டது. ஒன்றில் ஒரு கிழவி தன் மருமகனைப் பற்றி ஏதோ சொல்கிறாள். இன்னொன்றில் ஒருவர் தான் சிறையில் அழுததைச் சொல்கிறார். இரண்டுக்கும் சற்று முன்னால் ஒரே மாதிரி ஒரு சொல் வருகிறது. நிறுத்து.

அவர் சோம்பேறி இல்லை என்று தெரிந்தது. வேறு என்ன என்று தெரியவில்லை. வேண்டுமென்றே மறைக்கிறார் என்றால் யாருக்காக? எங்கோ இருக்கும் அந்த ஊரில் இவருக்கு யார் இருக்கிறார்கள்?

கனகராஜ் என் மேஜைக்கு வந்தார். “ஸ்ரீ, அந்த சிஐடி ஃபைல் என்னாச்சு? உன்கிட்டயே கெடக்குது?”

“பார்த்துட்டிருக்கேன் சார்.”

“பார்க்கிறதுக்கு என்ன இருக்கு? சரி, தப்பு, ரெண்டுதானே. அன்னிக்கு மாடிப்படியில ரெண்டு பேரும் என்ன பேசிட்டிருந்தீங்க?”

நான் திரும்பிப் படிக்கட்டுப் பக்கம் பார்த்தேன். கதவு நிலைக்கு மேலே ஒரு சின்னக் கேமரா இருந்தது. நான் சேர்ந்த நாளிலிருந்து இருந்திருக்க வேண்டும்.

“அதுல சத்தம் வராது. பயப்படாதே” என்று சிரித்தார் கனகராஜ். “திங்கக்கிழமை காலையில முடிவு வேணும்.”

சத்தம் வராது என்பதை அன்றும் நான் நம்பவில்லை.

சனிக்கிழமைகளில் ஜோதிலட்சுமி வேலை முடிந்து நேரே வீட்டுக்குப் போவதில்லை, நொச்சிக்குப்பத்தில் மீன் வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறுவார் என்று குல்சும் சொல்லியிருந்தாள். எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரம். நான் தற்செயலாகப் போனதாகச் சொல்லலாம். அவர் நம்பவில்லை.

“பின்னாடியே வந்தியா?” என்றார். அலுவலகத்துக்கு வெளியே நான் மேடம் இல்லை.

“ஆமா” என்றேன்.

“போனு?”

“வீட்டுல வெச்சுட்டு வந்தேன்.”

அதைக் கேட்டதும் அவர் முகம் கொஞ்சம் இளகியது. சாலையோரத்தில் பலகை மேல் நெத்திலியைக் குவித்து வைத்திருந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இன்னா ஜோதி, அய்யர் வூட்டுப் பொண்ண இட்டாந்துட்டே? மீனு பாத்து மயக்கம் போட்டுடப் போவுது” என்றாள்.

“போடாது யக்கா. துப்பு தேட வந்துகீது. தெம்பாதான் கீது” என்று சொல்லி, ஜோதிலட்சுமி மீன் பையை என் கையில் கொடுத்தார். “புடி. நீ பின்னாடி வந்ததுக்கு ஃபைன்.”

படகுகளுக்குப் பக்கத்தில், வலை காயப் போட்டிருந்த இடத்தில் உட்கார்ந்தோம். நான் அந்த மற்ற இரண்டு ஃபைல்களைப் பற்றிச் சொன்னேன். மூன்றிலும் நிறுத்தச் சொன்ன இடத்துக்குப் பிறகுதான் குறி இருக்கிறது என்றேன்.

“கண்டுபுடிச்சிட்டியா” என்றார். கோபமாக இல்லை. பிறகு சொல்ல ஆரம்பித்தார்.

“எங்க நைனா துரைராஜ், மீன்பாடி வண்டி ஓட்டுனவரு. எங்க தெருவுக்கு அவருதான் எல்லாம். வெள்ளம் வந்த அப்பால, தெருவைக் காலி பண்ணப் போறாங்கன்னு பேச்சு வந்துச்சு. அப்ப படிச்ச பசங்க நாலஞ்சு பேரு வந்தாங்க. நல்ல பசங்கதான். அத்த நான் இப்பவும் சொல்வேன். எங்க தெருவோட கதைய பதிஞ்சு வெக்கணும்னாங்க. நைனா சொன்னாரு. மொத குடிசை யாரு போட்டாங்க, எத்தினி வாட்டி நெருப்பு புடிச்சுது, தண்ணிக்கு எப்டி பொம்பளைங்க ரோட்டுல குந்தினாங்க, வண்டிக்காரங்க எப்டி சங்கம் கட்டுனாங்க, எல்லாத்தியும் சொன்னாரு. எங்கம்மா டீ எடுத்தாந்து வெச்சாங்க. அப்ப நைனா, ‘அத்த நிறுத்து பா’ன்னாரு. பையன் போனை எடுத்துக் கவுத்து வெச்சான்.”

“நிறுத்தலையா?”

“மறந்துட்டானாம்.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா. மனசுல இருந்ததெல்லாம் கொட்டிட்டாரு. எந்த வூடு பூட்டிக் கெடக்குது, யாருக்கு வேற எடத்துல வூடு கீது, யாரு ஒரே வூட்டுல நடுவுல தட்டி அடிச்சு ரெண்டு அடுப்பு வெச்சு ரெண்டு டோக்கன் கேக்குறாங்கன்னு. கெட்ட எண்ணத்துல இல்லமா. வாடகைக்கு இருந்தவங்களுக்கு ஒண்ணுமே இல்லன்னுட்டாங்க. அந்த ஆத்தாமைல பேசிட்டாரு.”

அந்தப் பதிவை யாரோ டைப் செய்திருக்கிறார்கள். அது அந்த அமைப்பின் அறிக்கையில் வந்திருக்கிறது. ஓர் அலுவலகத்தில் யாரோ படித்திருக்கிறார்கள். மாற்று வீட்டுக்கான டோக்கன் கொடுத்த நாளில் அந்த வீடுகளின் பெயர்கள் பட்டியலில் இல்லை.

“தெருவே வந்து வாசல்ல நின்னுது. நைனா நான் சொல்லவே இல்லன்னுட்டாரு. அவருதான் நிறுத்தச் சொல்லிட்டாரே, பதிஞ்சிருக்காதுன்னு தைரியம். அம்மன் கோயில்ல கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணாரு. அப்ப பசங்க மேல திரும்பிச்சு, நீங்கதான் கட்டுக்கதை எழுதிட்டீங்கன்னு. அந்தப் பையன் சின்னப் பையன், பயந்துட்டான். நாங்க எழுதல, அவரே சொன்னதுன்னு தெருக் கூட்டத்துல ஸ்பீக்கர்ல போட்டுக் காட்டிட்டான். டம்ளர் வெக்கிற சத்தம் கேக்குது. ‘அத்த நிறுத்து பா’ன்னு நைனா சொல்றது கேக்குது. அப்பாலயும் நைனா பேசிக்கினே கீறாரு. கூட்டத்துல யாரோ சிரிச்சாங்க. நான் காதைப் பொத்திக்கினு வூட்டுக்கு ஓடிட்டேன்.”

கற்பூரத்தை அணைத்துப் பொய்ச் சத்தியம் செய்தவர் என்ற பெயர் துரைராஜோடு பெரும்பாக்கத்துக்கும் போனது. தெருக்காரர்களில் பாதிப் பேரை அதே பிளாக்கில் போட்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு அழைக்கவில்லை. லிஃப்டில் அவர் ஏறினால் இறங்கிக்கொண்டார்கள். அவர் இறந்தபோது தூக்குவதற்கு வேறு பிளாக்கிலிருந்து ஆட்கள் வர வேண்டியிருந்தது.

“எவளோ ஒருத்தி எங்கயோ உக்காந்து அத்த டைப் பண்ணியிருப்பா” என்றார் ஜோதிலட்சுமி. “கேட்டதை கேட்டபடி. ‘அத்த நிறுத்து’ன்றதையும் டைப் பண்ணியிருப்பா, அதுக்கு மேலயும் பண்ணியிருப்பா. அவ மேல தப்பு சொல்ல மாட்டேன். நம்ம வேலையே அதானே.”

நெத்திலிப் பையிலிருந்து தண்ணீர் என் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு கேள்வி இருந்தது. அந்த நேரத்தில் கேட்பது சரியில்லை என்று தெரிந்தும் கேட்டேன்.

“ஆனா அக்கா, அந்த உலைக்காரர் சொன்னது வேற மாதிரி. அத்தனை பேருக்கு வேலை போயிருக்கு. காட்டிக் கொடுத்தது யாருன்னு அவங்க பிள்ளைங்களுக்குத் தெரிய வேணாமா? இவரை விட்டா சொல்ல ஆள் இல்ல.”

“தெரியட்டும். யாரு வேணாம்னது.”

“நீங்க கேட்கலைன்னு போட்டா எப்படித் தெரியும்?”

“அவரு சொல்லலமா. நிறுத்துன்னு சொல்லிட்டுதான் பேசினாரு. சொல்றது வேற, பேசறது வேற.”

“ஆனா நீங்க போட்டது பொய்தானே?”

“பொய்தான். வேற குறி இருந்தா குடு, போடறேன்.”

எங்கள் கையேட்டில் சிரிப்புக்குக் குறி உண்டு. இருமலுக்கு, கதவு சாத்தும் சத்தத்துக்கு, அழுகைக்கு, எல்லாவற்றுக்கும் உண்டு. பேசுகிறவர் நிறுத்தச் சொல்லியும் நிற்காத பதிவுக்குக் குறி கிடையாது. அவர் சொன்னதை என்னால் முழுதாக ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இப்போதும் முடியவில்லை. அந்தப் பிள்ளைகளின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் திங்கட்கிழமை காலையில் சரி, தப்பு என்ற இரண்டில் ஒன்றைப் போட வேண்டியவள் நான்.

“குறி இல்லைன்னா வாக்கியமா எழுதலாம்” என்றேன். “இங்கே பேசுபவர் பதிவை நிறுத்தச் சொல்கிறார், பதிவு தொடர்கிறது, இந்தப் பகுதியை நாங்கள் எழுத்தாக்கவில்லை, அவர் குடும்பத்தைக் கேட்டு நீங்கள் முடிவு செய்யுங்கள்னு. மூணு ஃபைல்லயும்.”

“கேப்பாங்களா?”

“தெரியாது.”

“கேக்க மாட்டாங்க. மெஷினை விட்டு எடுத்துப்பாங்க. இல்லன்னா வேற எவளுக்காவது குடுப்பாங்க.”

“குடுக்கலாம்.”

“அப்ப எதுக்கு எழுதறே?”

“கேட்கலைன்னு நாம பொய் சொன்னதா இருக்காது.”

“நாம இல்ல. நானு” என்றார். பிறகு என் கையிலிருந்து மீன் பையை வாங்கிக்கொண்டார். “சரி, எழுது. என் பேரப் போடு. உன் பேர எதுக்குப் போடறே, போடாத.”

இரண்டு பெயரையும் போட்டேன்.

பஸ் ஏறும்போது, இதையெல்லாம் என்றாவது எழுதலாமா என்று கேட்டேன். “நான் சொன்னத்த எழுது. தெரு பேரு வேணாம், அந்த வூட்டுக்காரங்க பேரு வேணாம்” என்றார். இதில் இரண்டும் இல்லை.

திங்கட்கிழமை என் குறிப்பைப் படித்த கனகராஜ் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார். “கிளையண்ட்டுக்குப் புத்தி சொல்றியா நீ? மாடிப்படியில பேசிவெச்சது இதுதானா?” பழைய ஃபைல் பட்டியலைத் திறந்தார். “எவ்வளவு நாளா நடக்குது? வேற எந்தெந்த ஃபைல்ல?” இந்த மூன்றில் மட்டும்தான் என்றேன், அவர் நம்பவில்லை. மேலே கேட்டார்கள், கீழே கேட்டார்கள். ஜோதிலட்சுமி தன் பழைய ஃபைல்களையெல்லாம் மறுபடியும் திறந்து காட்ட வேண்டியிருந்தது. வேலை போகவில்லை. ஆனால் அந்த நாடாக்களை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். விபத்துக் காப்பீட்டு அழைப்புகளை டைப் செய்யும் பிரிவில், வாசல் பக்கம், ஏசி காற்று எட்டாத நாற்காலியைக் கொடுத்தார்கள். அங்கே யாரும் எதையும் நிறுத்தச் சொல்ல மாட்டார்கள். இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவார்கள்.

நூலகத்திலிருந்து வந்த பதில் ஒரே வரி. குறிப்புக்கு நன்றி, அந்த மூன்று பதிவுகளையும் பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்கிறோம்.

அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியவில்லை. வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றார் கனகராஜ். பூட்டி வைத்திருப்பார்கள், குடும்பத்தைத் தேடிக்கொண்டிருப்பார்கள் என்றாள் குல்சும். ஜோதிலட்சுமியிடம் கேட்டதற்கு, “ரெண்டும் பண்ணியிருப்பாங்க” என்றார்.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒருநாள், சாப்பாட்டு நேரத்தில் அவர் என் மேஜை பக்கம் வந்து படிக்கட்டைக் கண்ணால் காட்டினார். போனேன். கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். போன் எங்கே என்று இந்தத் தடவை கேட்கவில்லை. அது என் கையிலேயே இருந்தது. அவர் அதைப் பார்த்தார். நானாக அணைத்து, அணைந்த திரையைக் காட்டினேன்.

இடுப்பிலிருந்து ஒரு பழைய குங்குமச் சிமிழை எடுத்துத் திறந்தார். உள்ளே பஞ்சில் சுற்றிய ஒரு மெமரி கார்டு.

“நைனா பேசினது இதுல கீது. அந்தப் பையன் அப்பால வந்து எங்கம்மா கால்ல வுழுந்துட்டு குடுத்துட்டுப் போனான். நான் இன்னும் போட்டுப் பாக்கல. எங்க தெரு வந்த கதைய எழுதிக் குடு. தண்ணிக்குக் குந்தினது, சங்கம் கட்டினது, எல்லாத்தியும். என் பொண்ணு அவ தாத்தாவப் பத்தி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டு வளந்துகீது. இத்தயும் படிக்கட்டும்.”

“நீங்களே பண்ணலாமே அக்கா. என்னைவிட நல்லாப் பண்ணுவீங்க.”

“நான் பண்ணா, நிக்க மாட்டேன்” என்றார். “மேல இன்னா சொன்னாரு, யாரு யாரைச் சொன்னாருன்னு கேட்டுக்கினே போயிடுவேன்.”

பிறகு தோள்பையிலிருந்து, ஒயரைச் சுற்றி ரப்பர் போட்டிருந்த அந்தப் பெடலை எடுத்து என் கையில் வைத்தார்.

“கீபோர்டு வேணாம். இத்த வெச்சே கேளு. டம்ளர் வெக்கிற சத்தம் வரும். ‘அத்த நிறுத்து பா’ன்னுவாரு. அங்க காலை எடுத்துடு.”